பண்ணைக் கடலும் ஒற்றைப் பனையும்: பெரியவர்களுக்கான அரைநாள் நீர்வர்ணப் பட்டறை

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) சித்திரப் பாடத்தோடு பிரஷ்ஷை வைத்தவர், ஓய்வுபெற்ற பிறகு முதன்முதலாகத் தொடுகிறவர், பல வருடமாகக் கீறிக்கொண்டிருக்கிறவர். இந்த மூவரும் ஒரே மேசையில் இருந்து ஒரே படத்தைக் கீறலாம். அதற்கான செய்முறைதான் இது. படம் இதுதான்: யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையில் பொழுதுபடுகிற நேரம், ஆழமில்லாத கடல், தூரத்தில் மெல்லிய கரைக்கோடு, முன்னுக்கு ஒரு பனை, அதன் காலடியில் இரண்டு வடலி (இளம் பனை). எட்டுப் பேருக்கு ஒரு பயிற்றுநர், நாலு மணித்தியாலம். வீட்டில் தனியே இருந்து பழகுகிறவர்களும் இதே ஒழுங்கில் செய்யலாம்.

பெரியவர்கள் கூடியிருந்து ஓவியம் பழகுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஓவியர் எஸ். ஆர். கனகசபை 1938 இல் தொடங்கிய வின்ஸர் ஆட் கிளப்பும், பிறகு ஓவிய ஆசிரியர் மாற்கு மாஸ்டர் நடத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகமும் இங்கேதான் இயங்கின. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையைப் படத்துக்கு ஒதுக்க யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

தொடங்க முன் ஒன்று. நீர்வர்ணத்தில் எந்த நிறத்தை எடுப்பது என்பதைவிட, தாளில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்று பார்க்கத் தெரிவதுதான் பெரிய விஷயம். குளிர்நாட்டில் எடுத்த வீடியோவில் "பத்து நிமிடம் பொறுங்கள்" என்பார்கள். சித்திரை வெயிலில் இங்கே நாலு நிமிடத்தில் தாள் காய்ந்துவிடும். கார்த்திகை மழைக்கு அரை மணித்தியாலம் ஆனாலும் காயாது. மணிக்கூட்டை விட்டுவிட்டுத் தாளைப் பாருங்கள்.

இடமும் நேரமும்

காலை 7.30 க்குத் தொடங்கி 11.30 க்கு முடிப்பது நல்லது. வடக்குப் பார்த்த விறாந்தை கிடைத்தால் அதைவிட நல்ல இடமில்லை. வெயில் அதிகம் நேரே விழாது, வெளிச்சமும் பெரிதாக மாறாமல் நிற்கும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் காற்றுப் படாத பக்கம் மேசையைப் போடுங்கள், இல்லாவிட்டால் வானம் பூசி முடிய முன்னமே ஒரு பக்கம் காய்ந்து கோடு விழும். ஃபானை நிறுத்துங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, வானமும் கடலும் பூசுகிற அந்த இருபது நிமிடத்துக்கு மட்டும்தான்.

சாமான்கள்

தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) நீர்வர்ணத் தாள், ஏ4 அளவில், ஆளுக்கு இரண்டு: ஒன்று பயிற்சிக்கு, ஒன்று படத்துக்கு. பள்ளிக்கூடச் சித்திரக் கொப்பித் தாள் ஈரம் பட்டதும் வளைந்து குழியாகும், குழியில் வர்ணம் தேங்கும், தேங்கிய இடம் கறுக்கும். புதிதாகப் பழகுகிறவர் அதைத் தன்னுடைய கையின் பிழை என்று நினைத்து மனம் உடைகிறார். பிழை தாளில் இருக்கிறது. முழுப் பருத்தித் தாள் விலை கூட. அது கட்டாயமில்லை, ஆனால் படத்துக்கான ஒரு தாளையாவது அதில் வாங்கினால் வித்தியாசம் உடனே தெரியும்.

வர்ணம் ஐந்து போதும்: அல்ட்ராமரீன் நீலம், யெலோ ஓக்கர், லெமன் மஞ்சள், பேர்ன்ட் சியன்னா, ரோஸ். ரோஸ் வாங்கும்போது டியூபின் பின்பக்கத்தில் நிறமி எண் பி.வி. 19 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அலிசரின் கிரிம்சன், பி.ஆர். 83, வெளிச்சத்தில் வெளிறிப்போகும். கறுப்பும் வெள்ளையும் வேண்டாம். அல்ட்ராமரீனையும் பேர்ன்ட் சியன்னாவையும் தடிப்பாகக் கலந்தால் கடையில் வாங்குகிற கறுப்பைவிட உயிரான கறுப்பு வரும். வெள்ளைக்குத் தாளே இருக்கிறது.

பிரஷ் மூன்று: ஓரங்குல தட்டைப் பிரஷ், 10 ஆம் இலக்க வட்டப் பிரஷ், 4 ஆம் இலக்க வட்டப் பிரஷ். கலக்கிறதுக்கு வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்று. பிளாஸ்ரிக் தட்டில் கலவை முத்து முத்தாகச் சுருண்டுவிடும், நிறத்தைக் கணிக்க முடியாது. ஒத்தி எடுக்கப் பழைய பருத்திச் சாரத்துண்டு. 30க்கு 40 சென்ரிமீற்றர் பலகை, மாஸ்கிங் ரேப், எச்.பி. பென்சில், தண்ணீருக்கு இரண்டு ஜாம் போத்தல். ஒரு போத்தல் பிரஷ் கழுவ, மற்றது சுத்தமான தண்ணீர் எடுக்க. இரண்டையும் மாற்றினால் கடைசியில் எல்லா நிறமும் சேற்று நிறம்தான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடாநாட்டின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது படத்திலும் படியலாம். தீவுப் பக்கத்து உவர்த்தண்ணீர் இன்னும் மோசம். உப்பு, வர்ணத்தை இழுத்துப் பூப்பூவாகப் புள்ளி விழுத்தும். குடிக்கிற வடிகட்டிய தண்ணீரையோ, பிடித்து வைத்த மழைத்தண்ணீரையோ பாவியுங்கள்.

முதல் அரை மணித்தியாலம்: ஈரம் பழகுதல்

பயிற்சித் தாளில் உள்ளங்கையளவு நாலு சதுரம் கீறி, நாலையும் சுத்தமான தண்ணீரால் ஒரே நேரத்தில் நனையுங்கள். தலையைச் சரித்து, வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற கோணத்தில் தாளைப் பாருங்கள். முதலில் கண்ணாடிபோல் பளபளக்கும். தண்ணீர் மேலே நிற்கிறது. அந்த நேரம் முதற் சதுரத்தில் நீலம் ஒரு சொட்டு வையுங்கள். கட்டுப்பாடில்லாமல் ஓடும். கொஞ்ச நேரத்தில் பளபளப்பு அடங்கி, துடைத்த வாழையிலையின் மினுக்கம்போல் வரும். இரண்டாவது சதுரத்தில் சொட்டு வையுங்கள். ஓரம் மெதுவாகப் பரந்து, நிற்கும். மேகம் இந்த நிலையில்தான் வரும்.

அடுத்து மினுக்கம் முழுக்கப் போய்விடும், ஆனால் புறங்கையை வைத்தால் தாள் குளிரும். மூன்றாவது சதுரத்தில் தண்ணீர் கூடிய பிரஷ்ஷால் தொடுங்கள். காலிஃபிளவர் மாதிரி ஓரம் சுருண்ட கறை விழும். இதுதான் ஆபத்தான நிலை: தாள் தன் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போது புதுத் தண்ணீர் போய், இருந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டு ஓரத்தில் ஒதுக்குகிறது. நாலாவது சதுரம் குளிர்ச்சியும் போன பிறகு. அதில் கோடு கோடாகவே நிற்கும்.

அனுபவசாலிகளும் இதைச் செய்யட்டும். வேறு ஊரில் பழகிய கைக்கு இந்த வெக்கையின் வேகம் பிடிபட இதுதான் வழி.

வானமும் கடலும்

படத்தாளை நாலு பக்கமும் ரேப்பால் பலகையில் ஒட்டுங்கள். ரேப் தாளுக்குள் ஒரு சென்ரிமீற்றர் ஏறட்டும். நகத்தால் ஓரத்தை அழுத்தித் தேயுங்கள், இல்லாவிட்டால் வர்ணம் அடியால் புகும். தாள் படுக்கை வாட்டில். கீழிருந்து 7 சென்ரிமீற்றரில் அடிவானக் கோடு, அடிமட்டம் வைத்து மெதுவாக. சரிந்த கடலைக் கண் மன்னிக்காது. பனைக்கு இடது மூன்றிலொரு பங்கில் ஒரு கோடு மட்டும் போதும்.

கலவைகளை முதலிலேயே செய்து வையுங்கள். இரண்டு தேக்கரண்டித் தண்ணீருக்குக் கடலையளவு அல்ட்ராமரீன். இன்னொன்றில் அதேயளவு தண்ணீருக்கு அரைக் கடலை ஓக்கர். மூன்றாவதில் ஒரு தேக்கரண்டிக்குச் சிறு துளி ரோஸ். காய்ந்ததும் நிறம் வெளிறும், ஆகவே ஈரத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறதுதான் சரியான அளவு. பாதியில் கலவை முடிந்து திரும்பக் கலக்கப் போனால், அதற்குள் தாள் மூன்றாவது நிலைக்கு வந்துவிடும்.

பலகையின் மேற்பக்கத்துக்குக் கீழே ஒரு தடித்த கொப்பியை வைத்துச் சரியுங்கள். தட்டைப் பிரஷ்ஷால் தாள் முழுக்க நனைத்து, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி நனையுங்கள். வாழையிலை மினுக்கம் வந்ததும் மேலிருந்து நீலத்தை இடம்-வலமாக இழுத்து வாருங்கள். வானத்தின் நடுவுக்கு வரும்போது பிரஷ்ஷில் நீலம் மெலிந்திருக்க வேண்டும். பிரஷ்ஷைக் கழுவி, அடிவானத்திலிருந்து மேல்நோக்கி ஓக்கர். இரண்டுக்கும் இடையில் இரண்டு விரலகலம் விட்டு, அதில் ரோஸ். இந்த இடைவெளியை விடாதவர்களுக்கு மஞ்சளும் நீலமும் முட்டி வானம் பச்சையாகும். முதல் தடவை செய்கிறவர்களில் அநேகமானோர் தடுக்குப்படுகிற இடம் இது.

கடல் அதே நிறங்கள், தலைகீழாக: அடிவானத்தோடு ஓக்கர், பிறகு ரோஸ், காலடியில் நீலம். அலையைத் தேடாதீர்கள். பண்ணைக் கடல் ஆழமில்லாதது, காற்றில்லாத அந்தியில் வானத்தை அப்படியே காட்டும். ஈரம் இருக்கும்போதே பிழிந்த பிரஷ்ஷால் இரண்டு கிடைக்கோடு துடைத்தெடுத்தால் வெளிச்சம் விழுந்த நீர்ப்பட்டை வரும். பிறகு கையை எடுத்துவிடுங்கள். "கொஞ்சம் திருத்துவம்" என்று திரும்பப் போன வானம் ஒன்றும் நன்றாக வந்ததில்லை.

இப்போது தேத்தண்ணி. பலகையைச் சரிவிலேயே விடுங்கள். கீழ் ரேப்பில் தேங்கிய தண்ணீரைச் சாரத்துண்டின் நுனியால் ஒத்துங்கள், அது திரும்ப ஏறினால் காலிஃபிளவர்தான்.

தூரக்கரையும் தடிகளும்

புறங்கைக்குக் குளிரவில்லை என்றால் காய்ந்துவிட்டது. அல்ட்ராமரீனோடு ரோஸும் துளி சியன்னாவும் கலந்த மெல்லிய ஊதாச் சாம்பலில், அடிவானத்தில் அரிசியளவு தடிப்பில் ஒரு கரைக்கோடு. ஒரே உயரமாக இழுக்காமல் இரண்டு மூன்று இடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் அறுந்தும் போகட்டும். பிறகு 4 ஆம் இலக்கப் பிரஷ்ஷால் கடலுக்குள் நட்ட மீன்பிடித் தடிகள் ஆறேழு. தூரத்தில் உள்ளவை சின்னது, நெருக்கமானது, வெளிறியது. நீரில் தெரிகிற பிம்பத்தைத் தடியின் நேர்க்கீழே விழுத்துங்கள்.

பனை

பனை கீறச் சொன்னால் கை தென்னையைக் கீறிவிடும். ஆயிரம் வாழ்த்துமடலில் பார்த்த மரம் அது, கைக்குப் பழகிப்போனது. ஆகவே பிரஷ்ஷை எடுக்க முன் எழுந்துபோய் ஒரு பனையை ஐந்து நிமிடம் பாருங்கள். தென்னோலை நடுநரம்பின் இருபக்கமும் சீப்புப்போல் இறங்கும். பனையில் மட்டை முதலில் நேராக வெளியே நீளும். அதன் நுனியில்தான் ஓலை விசிறியாக விரியும், விரலிடுக்குகள் மடிந்து நுனி தொங்கும். வட்டின் (ஓலைகள் கிளம்புகிற பனையின் தலைப்பகுதி) நடுவில் குருத்தோலை ஈட்டியாக மேலே நிற்கும். கீழே காவோலை பழுப்பாகத் தொங்கி மரத்தோடு உரசும். மட்டைகளுக்கிடையில் வானம் துண்டு துண்டாகத் தெரியும். அந்த வானத்துண்டுகள்தான் பனையைப் பனையாக்குகின்றன. அவற்றை அடைத்தால் குச்சியில் குத்திய கறுத்தப் பந்து.

அல்ட்ராமரீன், சியன்னா இரண்டையும் பால்க்கட்டி உருகின பதத்தில் தடிப்பாகக் கலவுங்கள். மரத்தை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இழுங்கள். பிரஷ்ஷைப் படுக்கவைத்து, ஓரளவு காய்ந்த நிலையில் இழுத்தால் தாளின் சொரசொரப்பில் இடையிடையே அடியில் பூசிய நிறம் விடுபட்டுத் தெரிந்து, மரத்தின் வளையத் தழும்புகள் தானே வந்துவிடும். அடியில் கொஞ்சம் பருக்கட்டும். மேற்குப் பக்க ஓரத்தில், ஈரம் இருக்கும்போதே, ஓக்கர் ஒரு கோடு.

வட்டுக்கு முதலில் மட்டைகள்: நடுவிலிருந்து எல்லாத் திசைக்கும் பத்துப் பன்னிரண்டு மெல்லிய கோடு, ஒன்று நீளம் ஒன்று குட்டை. பிறகு 10 ஆம் இலக்கப் பிரஷ்ஷின் நுனியை மட்டையின் முடிவில் வைத்து, அழுத்தி, வெளிப்பக்கம் தூக்குங்கள். நாலைந்து தூக்கல் சேர்ந்தால் ஒரு விசிறி. எங்களைப் பார்த்து நிற்கிற ஓலை முழு விசிறியாகவும், பக்கவாட்டில் நிற்பது ஒரு தடித்த கோடாகவும் தெரியும். எல்லா ஓலையையும் முழு விசிறியாகப் போடுவதுதான் அடுத்த பிழை. லெமன் மஞ்சளும் நீலமும் கலந்த பச்சையை இரண்டு மூன்று ஓலையில் மட்டும் தொடுங்கள். அந்தி நேரம், மீதி கறுப்பாகவே இருக்கட்டும். காவோலைக்குத் தனிச் சியன்னா. வடலிக்கு மரமில்லை, நிலத்திலிருந்தே மட்டைகள் கிளம்பும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே மேசையில் பல நிலைக்காரர்

புதியவருக்கு வட்டு சரிவராவிட்டால் பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் பத்து விசிறி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய தாளில் பயிற்றுநர் கை வைக்கக்கூடாது, பக்கத்தில் தன்னுடைய தாளில் செய்துகாட்டலாம். ஓரளவு பழகியவர் பனையின் பிம்பத்தை நீரில் சேர்க்கட்டும். கைதேர்ந்தவருக்கு வேலையைக் கூட்டாமல் வசதியைக் குறையுங்கள்: மூன்று நிறம், ஒரு தட்டைப் பிரஷ், பென்சில் இல்லை. வேகமாக முடிக்கிறவர் சும்மா இருந்தால் பக்கத்தில் இருக்கிறவருக்குப் பதற்றம் வரும்.

கடைசி அரை மணித்தியாலம் படங்களைச் சுவரோரம் வரிசையாக வைத்து, இரண்டு மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். "நல்லாயிருக்கு" என்பதோடு நிற்காமல், எந்த இடத்தில் தாள் எந்த ஈரத்தில் இருந்தது என்று கறைகளை வைத்துக் கண்டுபிடியுங்கள். அடுத்தவருடைய கறையிலிருந்து கற்பது தன்னுடையதைவிட லேசு.

ரேப்பைத் தாள் நன்றாகக் காய்ந்த பிறகு, படத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து மெதுவாக உரியுங்கள். அன்றைக்கே உரித்துவிட வேண்டும். வெக்கைக்குப் பசை இளகித் தாளோடு ஒட்டிவிடும். பிரஷ்ஷைச் சவர்க்காரத்தால் கழுவி, நுனியைக் கூராக்கிப் படுக்கவைத்துக் காயவிடுங்கள், போத்தலில் தலைகீழாக நிறுத்த வேண்டாம். மீதித் தாளைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மாரியில் ஈரம் ஏறினால் தாளின் பூச்சுப் போய், அடுத்த தடவை வர்ணம் மையொற்றுத் தாளில் விழுந்ததுபோல் புள்ளி புள்ளியாக இறங்கும்.