மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஒரு மணி நேர நடை

நம் குமரி மாவட்டத்தில் திருவட்டாறு அருகே மாத்தூரில், பரளியாற்றைக் கடந்து சானல் (கால்வாய்) தண்ணீரை ஒரு நீண்ட தொட்டி வழியே கொண்டுபோகும் பாலம் இது. உயரம் 115 அடி, நீளம் 1240 அடி. ஒருமுறை போய்வந்தால் முக்கால் கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

காலையிலேயே போய்விடுங்கள். மேலே நிழல் கிடையாது. பத்து மணிக்கு மேல் சிமென்ட் சுடும். குடையைவிடத் தொப்பி நல்லது, அதுவும் இறுக்கமாக. உயரத்தில் காற்று குடையைத் திருப்பிவிடும். நடைபாதை குறுகல், ஆகவே வரிசையாகச் செல்லுங்கள். எதிரே ஆள் வந்தால் தொட்டிப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். உயரம் பயமென்றால் கீழே பார்க்காமல், தொட்டிக்குள் ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி நடக்கலாம். தலைசுற்றல் உள்ளவர்கள் மட்டும் பாலத்தை விட்டுவிடுங்கள்.

ஆற்றங்கரைக்கும் பூங்காவுக்கும் படிக்கட்டில் இறங்க வேண்டும். இறங்குவது எளிது என்று நினைத்து வேகமாகப் போனால் முட்டிதான் வாங்கும். பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் முழுதாகப் பதித்து, கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். ஏறும்போது இருபது படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குங்கள். முட்டிவலி இருந்தால் மேலேயே இரண்டு முறை போய்வாருங்கள், அதுவே ஒன்றரை கிலோமீட்டர்.

நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அப்போதெல்லாம் கரைப்பாறையில் வழவழவென்று பச்சைப்பாசி படிந்திருக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு அதில் நிற்காது. பின்வார் உள்ள செருப்பு போடுங்கள். தண்ணீர் கலங்கி வந்தால் கால் நனைக்கவும் இறங்காதீர்கள், மலையில் மழை பெய்திருக்கும்.