மருத்துவ இயற்பியல் மாணவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

ஆண்டுதோறும் கதிர்வீச்சு சிகிச்சைத் துறைக்குப் பயிற்சிக்கு வரும் முதுகலை மாணவர்களைப் பார்க்கிறேன். தம்மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை மறந்துவிட்டு வருவது போன்றவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டம் கிடைத்தால் வேலை என்று நம்புவது

மருத்துவ இயற்பியலாளராக ஏற்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் பட்டம் மட்டும் போதாது. நல்ல வசதியுள்ள கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் ஓராண்டுப் பயிற்சியும் வேண்டும். சேருவதற்கு முன்பே விதிகளைப் படியுங்கள்.

பயிற்சி ஆண்டைத் திரைக்கு முன்னாலேயே கழிப்பது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். நோயாளிக்கான சிகிச்சை பிளான் போடும் கணினிக்கு முன்னால் போட்டி நடக்கும். மாலையில் நோயாளிகள் போன பிறகு தண்ணீர்த் தொட்டியில் சேம்பரை (கதிர்வீச்சை அளக்கும், காற்று நிரம்பிய சிறு கருவி) மாட்டி, மெஷின் தரும் கதிர்வீச்சின் அளவை (டோஸ்) எடுக்கக் கூப்பிட்டால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

சென்னையில் படித்துவிட்டுப் பெங்களூருக்குப் பயிற்சிக்கு வந்த ஒருவர், 10 செ.மீ. ஆழம், 10×10 செ.மீ. ஃபீல்டு (கதிர் விழும் பரப்பு) என எல்லாவற்றையும் சரியாகவே வைத்தார். காற்றழுத்தத்தை மட்டும் செல்பேசி வானிலைச் செயலியைப் பார்த்து 1013 மில்லிபார் என்று எழுதினார். டோஸ் 10 சதவீதம் குறைவாக வந்தது. "சார், மெஷினின் அவுட்புட் இறங்கிவிட்டது, ஏற்றிவிடலாமா?" என்றார். அவர் தலைக்கு மேலே சுவரில் பாரோமீட்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

வானிலை அறிக்கையில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அறைக்குள் அழுத்தம் சுமார் 910 மில்லிபார்தான். சேம்பருக்குள்ளும் அதே மெல்லிய காற்று. அதில் அயனிகள் குறைவாகவே உருவாகும். அதை ஈடுகட்டும் திருத்தம், நிலையான அழுத்தமான 1013-ஐ 910-ஆல் வகுத்து வரும் 1.11. அவர் போட்டது 1. அவர் கேட்டபடி ஏற்றியிருந்தால், மறுநாளிலிருந்து 2 கிரே (டோஸின் அலகு) வாங்க வேண்டிய நோயாளி 2.2 கிரே வாங்கியிருப்பார். சென்னையில் இதே தவறு வெளியே தெரியவே தெரியாது. கடலோரத்தில் இரண்டு அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1988-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் புதிய கோபால்ட் கதிர்வீச்சு மூலத்தை அளவிட்டதில் நேர்ந்த பிழையால் 207 நோயாளிகளுக்கு 25 சதவீதம் கூடுதல் டோஸ் போனது. எண் உதைத்தால் முதலில் அளந்த விதத்தைச் சந்தேகியுங்கள், பிறகு மெஷினை.

டோஸ் கணக்கிடும் பழைய எக்செல் தாளை அப்படியே பயன்படுத்துவது

அதில் இருப்பது எந்த சேம்பரின் அளவுத்திருத்த எண் (அளவீட்டை டோஸாக மாற்றும் எண்) என்று பாருங்கள்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி தேர்வைத் தள்ளிப்போடுவது

பயிற்சி முடிந்த சூட்டோடு எழுதிவிடுங்கள்.