வாட்ச் திடீர்னு ஃபாஸ்ட்டா ஓடுதா? காம்பஸ் வச்சுப் பாருங்க

நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடின சாவி கொடுக்கற வாட்ச் இன்னைக்கு திடீர்னு ஒரு நாளைக்கு பத்து நிமிஷம், இருபது நிமிஷம்னு முன்னாடி ஓடுச்சுன்னா, சர்வீஸுக்கு காசைக் கொட்டறதுக்கு முன்னாடி ஒரு திசைகாட்டும் காம்பஸை டயல் மேல வச்சுப் பாருங்க (வட்டம் போடற காம்பஸ் இல்லீங்க). வாட்ச் டிக்டிக்குக்கு ஏத்த மாதிரி முள்ளு நடுங்கினா உள்ள காந்தம் ஏறியிருக்கு.

உள்ள இருக்கற ஹேர்ஸ்பிரிங் முடி மாதிரி மெல்லிசு, காந்தம் ஏறினா அதோட சுத்துங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஸ்பிரிங் நீளம் குறைஞ்ச மாதிரி ஆகி பேலன்ஸ் வீல் (வாட்ச் வேகத்தைத் தீர்மானிக்கற, முன்னும் பின்னும் ஆடற சக்கரம்) வேகமா ஆடும், அவ்ளோதான். ஸ்பீக்கர், ஹேண்ட்பேக் காந்த பட்டன், காந்தம் வச்ச ஃபோன் கவர், இதுங்க பக்கத்துல வச்சாலே போதும். வாட்ச் கடைல டீமேக்னடைசர்ல (காந்தத்தை எடுக்கற மெஷின்) காட்டினா ஒரு நிமிஷத்துல சரியாகிடும், மூடியைக் கூட கழட்ட வேண்டாம்.

முள்ளு லேசா ஒரு பக்கமா திரும்பி அப்படியே நின்னா அது வெறும் ஸ்டீல் கேஸ் இழுக்கறது, அதைக் கணக்குல எடுக்காதீங்க. கீழ விழுந்த வாட்ச், வருஷக்கணக்கா ஆயில் போடாத வாட்ச், இதுக்கெல்லாம் இந்த வைத்தியம் பலிக்காது. சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங்ல காந்தம் ஏறவே ஏறாது.

இன்னொண்ணு, 1960க்கு முந்தின மினுக்கற டயல்னா நீங்களே திறந்து சுரண்டாதீங்க, அதுல கதிர்வீச்சு விடற நிஜ ரேடியமே இருக்கலாம். வெளிச்சம் செத்துப் போனது கூட இருக்கற, ரேடியத்தால மினுக்கற ஜிங்க் சல்ஃபைடு தேய்ஞ்சதால, ரேடியம் பாதியா குறையவே 1600 வருஷம் ஆகும்.