40 லேப்டாப், ஒரே போஸ்ட்கிரஸ்: பயனர் குழுப் பயிலரங்குக்கு சர்வர் தயார் செய்வது எப்படி

கோவையில் நாங்கள் சில பேர் சேர்ந்து சின்னதாக ஒரு டேட்டாபேஸ் பயனர் குழு நடத்துகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம் ஏதாவது ஒரு கல்லூரி அரங்கில் கூடுவோம். மாணவர்கள், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்கள், மில் அலுவலகத்தில் பழைய கணக்கு மென்பொருளோடு மல்லுக்கட்டுபவர்கள் என்று கலவையான கூட்டம்.

நாங்கள் சொல்லிக்கொடுப்பது போஸ்ட்கிரஸ் என்ற இலவச டேட்டாபேஸ் மென்பொருள். முதல் பயிலரங்கு அறிவிப்பில் "எல்லோரும் வீட்டிலேயே போஸ்ட்கிரஸ் நிறுவிக்கொண்டு வாருங்கள்" என்று போட்டேன். வந்த 32 பேரில் 9 பேர்தான் நிறுவியிருந்தார்கள். மற்றவர்கள் அரங்கில் உட்கார்ந்து, ஒரே வைஃபையில், பல நூறு எம்பி இன்ஸ்டாலரை ஒரே நேரத்தில் இறக்க ஆரம்பித்தார்கள். நிறுவி முடித்தவர்களில் பாதிப் பேருக்கு நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. 2 மணிக்குத் தொடங்கிய வகுப்பில், டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் முதல் செலக்ட் வரி ஓடியபோது மணி 3:20. டீயும் வடையும் வந்துவிட்டன.

அதற்கப்புறம் முறையை மாற்றினோம். வருகிறவர் யாரும் டேட்டாபேஸ் நிறுவ வேண்டாம். அரங்கில் ஒரு லேப்டாப்பில் மட்டும் போஸ்ட்கிரஸ் இருக்கும், மற்ற எல்லோரும் அதனுடன் இணைவார்கள். சொல்ல எளிதுதான். ஆனால் இதைச் சரியாகச் செய்யவே எனக்கு மூன்று பயிலரங்குகள் பிடித்தன.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் கட்டளை எதையும் பெட்டிக்குள் போட்டுத் தரவில்லை. எந்தக் கோப்பில் எந்த வரி, ஏன் என்று மட்டும் சொல்கிறேன். மேனுவலைத் திறந்து நீங்களே தட்டச்சு செய்தால்தான், நாளைக்கு 40 பேர் முன்னால் கை நடுங்காது.

படி 1: ரௌட்டரைக் கையோடு கொண்டுபோங்கள்

கல்லூரி வைஃபையை நம்பாதீர்கள். வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய வளாகங்களின் வைஃபையில் ஒரு லேப்டாப் இன்னொரு லேப்டாப்பைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். கிளையன்ட் ஐசொலேஷன் என்று பெயர். பாதுகாப்புக்கு நல்லது, நமக்குச் சிக்கல். எல்லோருக்கும் யூடியூப் ஓடும், உங்கள் சர்வர் மட்டும் தெரியாது. இரண்டாவது பயிலரங்கில் இது தெரியாமல் அரை மணி நேரம் போஸ்ட்கிரஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சும்மா கிடக்கும் ரௌட்டர் போதும். இணையம் தேவையில்லை. சர்வர் லேப்டாப்பை வைஃபையில் விடாமல் லேன் கேபிளில் ரௌட்டரோடு சேர்த்துவிடுங்கள். ரௌட்டரின் டிஎச்சிபி (முகவரி ஒதுக்கும் வசதி) பக்கத்தில் அந்த லேப்டாப்புக்கு ஒரே ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். அதன்பிறகு எந்த ஊருக்கு, எந்த அரங்குக்குப் போனாலும் முகவரி மாறாது. கரும்பலகையில் எழுதிவைத்துவிடலாம். கூட்டம் பெரிதாக இருந்தால் ஒரே வீட்டு ரௌட்டர் திணறும். இரண்டாவது ரௌட்டரில் டிஎச்சிபியை அணைத்து, அரங்கின் பின்பக்கம் ஆக்சஸ் பாயின்டாக, அதாவது வைஃபை மட்டும் தருவதாக வையுங்கள்.

படி 2: சர்வர் லேப்டாப்

உபுண்டு போட்ட பழைய லேப்டாப் ஒன்று. 8 ஜிபி ராம் இருந்தால் இந்த வேலைக்கு ஏராளம். ஸ்லைடு காட்டுவதற்கும் இதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும், வேண்டாம். புரொஜெக்டர் கேபிளைப் பிடுங்கிச் செருகும்போது ஏதாவது ஆகும். மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைத்துவிட்டு, சார்ஜரைச் செருகி, "தொடாதீர்கள்" என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

நிறுவுவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

படி 3: கதவைத் திறப்பது

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

போஸ்ட்கிரஸ் நிறுவியவுடன் அதே கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டும்தான் கேட்கும். முக்கிய அமைப்புக் கோப்பில் 'லிசன் அட்ரஸஸ்' என்ற வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருக்கும். அதை நட்சத்திரக்குறியாக (எல்லா முகவரியும் என்று பொருள்) மாற்ற வேண்டும். வரியின் முன்னால் உள்ள # குறியை நீக்க மறக்காதீர்கள், அது இருந்தால் வரி செயல்படாது. இந்த மாற்றத்துக்கு ரீலோட் (கோப்பை மட்டும் மறுபடி படிப்பது) போதாது, சேவையை ரீஸ்டார்ட் (நிறுத்தித் தொடங்குவது) செய்ய வேண்டும்.

அடுத்தது பிஜி எச்பிஏ கோப்பு. யார், எங்கிருந்து, எந்த டேட்டாபேஸுக்கு, எப்படி நிரூபித்து உள்ளே வரலாம் என்பது அதில் இருக்கும். சர்வர் மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும். அந்த வரியில் தோற்றால் அடுத்த வரிக்குப் போகாது. இதற்கு ரீலோட் போதும்.

நான் வீட்டில் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனேன். வீட்டு ரௌட்டர் தந்தது 192.168.1 என்று தொடங்கும் முகவரி. கோப்பிலும் அதையே எழுதியிருந்தேன். கல்லூரி அரங்கில் கிடைத்ததோ வேறு வரிசை. ஒருவருக்கும் நுழைவு இல்லை. என் லேப்டாப்பில் மட்டும் அழகாக ஓடியது, ஏனென்றால் நான் சோதித்தது அதே கணினியிலிருந்து. அதை வைத்து "சர்வர் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் லேப்டாப்பைப் பாருங்கள்" என்று முன்வரிசையில் இருந்த பெண்ணிடம் வேறு சொல்லிவிட்டேன். அவர் பேசாமல் தன் திரையை என் பக்கம் திருப்பினார். பிழைச்செய்தியில் தன் ஐபி முகவரியை விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான், விளங்கிவிட்டது.

இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, உங்கள் ரௌட்டரை நீங்களே கொண்டுபோவது, படி 1. இன்னொன்று, முகவரி எழுதும் இடத்தில் எண்களுக்குப் பதிலாக 'சேம்நெட்' என்ற சொல்லை எழுதுவது. சர்வர் எந்த வலையில் இருக்கிறதோ அந்த வலையில் உள்ள எல்லோருக்கும் அது பொருந்தும். இணையம் இல்லாத தனி ரௌட்டர் என்பதால் இங்கே பயமில்லை. அலுவலக சர்வரில் யோசித்துச் செய்யுங்கள். நிரூபிக்கும் முறைக்கு ஸ்க்ராம் (கடவுச்சொல் கேட்கும் முறை) போடுங்கள். சில பழைய வழிகாட்டிகளில் 'டிரஸ்ட்' (கடவுச்சொல்லே கேட்காத முறை) என்று எழுதச் சொல்லியிருப்பார்கள். பயிலரங்குதானே என்று அதைப் போடாதீர்கள், வருகிறவர்கள் அதையே பாடமாக எடுத்துக்கொண்டு போவார்கள்.

இணைப்பு வரவில்லை என்று யாராவது கை தூக்கினால், நேராகப் போய் பிழைச்செய்தியைப் படியுங்கள். நான்கு வகைதான்.

'ரெஃப்யூஸ்டு' என்றால் வீடு இருக்கிறது, கதவைத் திறக்க ஆள் இல்லை. லிசன் அட்ரஸஸை மாற்றவில்லை, அல்லது மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யவில்லை. போர்ட் எண் (சர்வரின் வாசல் எண்) 5432தானா என்றும் பாருங்கள்.

வெகுநேரம் சுற்றிவிட்டு 'டைம்டு அவுட்' என்றால் வீடு வரைக்கும் போகவே முடியவில்லை, நடுவில் மறியல். சர்வரின் ஃபயர்வால், அல்லது அந்த லேப்டாப் வேறு வைஃபையில் இருக்கிறது.

'எச்பிஏ என்ட்ரி இல்லை' என்றால் வாசலில் காவல்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார். இது உங்கள் தவறு, வந்தவருடையது இல்லை. கோப்பில் எழுத்துப்பிழை இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், பிஜி எச்பிஏ ஃபைல் ரூல்ஸ் என்ற வியூவை (டேட்டாபேஸுக்குள் அட்டவணை போலப் படிக்கக் கிடைப்பது) பாருங்கள். எந்த வரியில் கோளாறு என்று அதுவே சொல்லும்.

கடவுச்சொல் தவறு என்றால் கடவுச்சொல்தான் தவறு. பெரும்பாலும் கேப்ஸ் லாக்.

இதையெல்லாம் முந்தைய நாளே, இன்னொரு லேப்டாப்பிலிருந்து சோதியுங்கள்.

படி 4: மேசைக்கு ஒரு கணக்கு

ஆளுக்கு ஒரு கணக்கு வேண்டாம். மேசைக்கு இரண்டு பேர், மேசைக்கு ஒரு பயனர்பெயர், ஒரு டேட்டாபேஸ். பயனர்பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி மூன்றையும் அச்சடித்து மேசையில் ஒட்டிவிடுவோம். கடவுச்சொல்லில் பூஜ்யமும் ஓ எழுத்தும் சேர்ந்து வரவே கூடாது.

பாடத்துக்கான அட்டவணைகளை ஒரு டேட்டாபேஸில் தயார் செய்து, அதையே டெம்ப்ளேட்டாக வைத்து 20 நகல் எடுக்கலாம் என்று நினைத்தேன். முதல் தடங்கல்: டெம்ப்ளேட்டுக்குள் யாராவது, அதாவது நானே இன்னொரு ஜன்னலில், இணைந்திருந்தால் நகல் எடுக்காது. அதைச் சரிசெய்தால் அடுத்தது: நகல் டேட்டாபேஸின் உரிமையாளர் மேசைப் பயனர்தான், ஆனால் உள்ளே இருக்கும் அட்டவணைகளுக்கு உரிமையாளர் இன்னும் நான்தான். செலக்ட் கூட ஓடவில்லை. அனுமதி கொடுத்தால் செலக்ட் ஓடும். ஆனால் இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அமைப்பு) உருவாக்கும் பாடத்தில் மறுபடி மாட்டும், அதற்கு உரிமையாளராகவே இருக்க வேண்டும்.

இப்போது டெம்ப்ளேட்டை விட்டுவிட்டேன். மேசைப் பயனரை உரிமையாளராக வைத்துக் காலி டேட்டாபேஸ் உருவாக்கு, அந்தப் பயனராகவே உள்ளே நுழை, ஒரே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் கட்டளைகள்) கோப்பை ஓட்டு. 20 முறை சுற்றும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். டீ போட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த ஒருவர் "பப்ளிக் ஸ்கீமாவில் அனுமதி இல்லை என்று வருகிறதே" என்று கேட்டிருந்தார். பப்ளிக் ஸ்கீமா என்பது அட்டவணைகள் இயல்பாகப் போய்ச் சேரும் இடம். அவர் உரிமையாளரைக் குறிப்பிடாமல் டேட்டாபேஸ் உருவாக்கியிருக்கிறார். போஸ்ட்கிரஸ் பதிப்பு 14 வரை அது ஓடியது. பதிப்பு 15 முதல் பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்க முடியாது. உரிமையாளர் பெயரைச் சேர்த்தால் தீர்ந்தது.

படி 5: இணைப்புக் கணக்கு

40 பேர்தானே, 40 இணைப்புதானே என்று நினைக்காதீர்கள். போஸ்ட்கிரஸின் இயல்பு வரம்பு 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு) ஒதுக்கியது, ஆக மீதி 97. டிபீவர், பிஜிஅட்மின் போன்ற, டேட்டாபேஸோடு பேச உதவும் கருவிகள் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று இணைப்பு திறக்கும். புதிதாகக் கற்பவர்கள் ஜன்னலை மூடவே மாட்டார்கள். ஆளுக்கு 3 என்றால் 120. இணைப்புக்கு இடமில்லை என்ற பிழை வந்து நிற்கும். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை அன்றைக்கு மட்டும் 300 ஆக்குங்கள். இதற்கும் ரீஸ்டார்ட் வேண்டும், ஆகவே வகுப்புக்கு முன்பே.

எந்தக் கருவி?

என் விருப்பம் போஸ்ட்கிரஸோடு வரும் பிஎஸ்க்யூஎல்தான். கறுப்புத் திரை, பிழைச்செய்தி நேராகக் கண்ணில் படும். ஆனால் முதல் நாளே அதைக் காட்டினால் பாதிப் பேர் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. ஆகவே டிபீவர். விண்டோஸுக்கு நிறுவத் தேவையில்லாத ஜிப் வடிவம் இருக்கிறது. ஐந்தாறு பென்டிரைவில் போட்டுச் சுற்றுக்கு விடுங்கள்.

ஒரு பொறி உண்டு. டிபீவர் முதல் முறை போஸ்ட்கிரஸோடு இணையும்போது டிரைவரை (இணைப்புக்கான துணை மென்பொருள்) இணையத்திலிருந்து இறக்கக் கேட்கும். நம் ரௌட்டரில் இணையம் இல்லை. அப்போது மட்டும் ஒரு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து டிரைவரை இறக்கிவிட்டு மறுபடி நம் ரௌட்டருக்கு மாறச் சொல்கிறோம். சில எம்பிதான். பிஜிஅட்மின் எனக்குப் பிடிக்காது, பழைய லேப்டாப்பில் திறப்பதற்குள் தூக்கம் வந்துவிடும்.

பின்னர் சேர்த்தது: "அட்மினரை சர்வரிலேயே போட்டுவிட்டால் எல்லோருக்கும் பிரவுசர் போதுமே" என்று இரண்டு பேர் எழுதினார்கள். போட்டுப் பார்த்தேன். ஒரே பிஎச்பி கோப்பு, முதல் ஒன்றரை மணி நேரம் சொர்க்கம். டிரான்சாக்‌ஷன் (பல மாற்றங்களை மொத்தமாக ஏற்பது, இல்லையேல் மொத்தமாக விடுவது) பாடம் வந்ததும் கவிழ்ந்தது. பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதிய இணைப்பு. பக்கம் முடிந்தால் இணைப்பும் முடியும், நீங்கள் தொடங்கிய டிரான்சாக்‌ஷன் காற்றோடு போகும். ஜாயின், குரூப் பை மட்டும் நடத்துகிறீர்கள் என்றால் தாராளமாக அட்மினர்.

வகுப்பில் என்ன ஓட்டுவது

தொடக்கத்துக்கு 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்கச் சொல்லுவேன். லெங்த் 5 என்று வரும். எல்லோரும் விரல்விட்டு மூன்றுதானே என்பார்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஆக்டெட் லெங்த் கேட்டால் 15, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். வார்கேர் 20 (அதிகபட்சம் 20 குறியீடு) என்று பெயர்ப் பத்திக்கு அளவு போட்டு வைத்திருப்பவர்கள் அங்கேயே நெற்றியைத் தேய்த்துக்கொள்வார்கள்.

மேசைக்கு இரண்டு பேர் என்று வைத்ததன் உண்மையான காரணம் டெட்லாக், அதாவது ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டு இருவருமே சிக்கிக்கொள்வது. ஆட்டோ கமிட்டை (ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே உறுதிசெய்யும் வசதி) அணைக்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் இருப்பவர் முருகன் கணக்கில் 100 ரூபாய் கழிக்கட்டும். வலப்பக்கம் இருப்பவர் செல்வி கணக்கில் 100 கழிக்கட்டும். யாரும் கமிட் செய்யக் கூடாது. இப்போது இடப்பக்கத்தவர் செல்வி கணக்கில் சேர்க்கப் போனால் திரை அப்படியே நிற்கும். வலப்பக்கத்தவர் முருகன் கணக்கில் சேர்க்கப் போவார். ஒரு நொடி. இருவரில் ஒருவருக்கு டெட்லாக் பிழை வரும், மற்றவருக்குத் திரை விடுபடும். பெரும்பாலும் இரண்டாவதாகக் காத்திருக்க வந்தவர்தான் அடிபடுவார். அந்த ஒரு நொடி, டெட்லாக் டைம்அவுட்டின் இயல்பு அளவு. 20 மேசைகளில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் "ஏய்!" என்று சத்தம் வரும். பத்து ஸ்லைடு போட்டு விளக்கினாலும் வராத சத்தம் அது.

குழு நடத்துபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வருகிறவர்களின் மின்னஞ்சல் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும், அதுவும் ஒரு சாதாரண கோப்பில். 1999இல் தொடங்கி, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸின் பயனர் குழுக்களுக்கெல்லாம் தாய்வீடாக இருந்த பாஸ் அமைப்பு, கொரோனாவில் மாநாட்டு வருமானம் விழுந்து 2021 ஜனவரி 15 அன்று மூடப்பட்டது. அவ்வளவு பெரிய அமைப்புக்கே அந்தக் கதி. மீட்டப் போன்ற தளங்களையும் அறிவிப்புப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: கதவைச் சாத்துவது

வகுப்பு முடிந்ததும் மேசை டேட்டாபேஸ்களை நீக்கி, பயனர்களை நீக்கி, லிசன் அட்ரஸஸை மறுபடி லோக்கல்ஹோஸ்டாக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அரங்கை விட்டு வெளியே வருவதற்கு முன்பே. நான் ஒரு முறை "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ரயில் நிலைய வைஃபையில் அதே லேப்டாப்பைத் திறந்தபோது, மேசை 7இன் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தது. கடவுச்சொல்லும் அதே 'மேசை7'.