பீனால் ஆலைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிதம்பரத்திலும் புதுச்சேரியிலும் வேதிப்பொறியியல் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் ஆலை வடிவமைப்புத் திட்டத்துக்கு அடிக்கடி எடுத்துக்கொள்ளும் தலைப்புகளில், பிசினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மூலப்பொருளான பீனால் ஒன்று. கடலூர் சிப்காட் பகுதியில் புதிதாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களும் அவ்வப்போது பீனால் சார்ந்த திட்ட அறிக்கையுடன் வருவதுண்டு. இரு தரப்பினரின் அறிக்கைகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். உழைப்பில் குறை இருப்பதில்லை. ஆனால் முதல் பக்கத்திலேயே ஒரு கணக்கு தவறிவிடுகிறது. பீனாலின் விற்பனை விலையிலிருந்து அதன் மூலப்பொருளான கியூமீனின் கொள்முதல் விலையைக் கழித்து, மீதியை ஏறத்தாழ இலாபம் என்று எழுதிவிடுகிறார்கள். பீனால் ஆலையிலிருந்து பீனால் மட்டும் தனியாக வெளிவருவதில்லை என்பது அந்தக் கணக்கில் எங்கும் இருக்காது.

வழிமுறையைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1834இல் ரூங்கே நிலக்கரித் தாரிலிருந்து பீனாலைப் பிரித்தெடுத்தார். பின்னர் பென்சீனைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியச் செய்து காஸ்டிக் சோடாவில் உருக்கும் சல்ஃபோனேஷன் முறையும், குளோரோபென்சீனை உயர் அழுத்தத்தில் காஸ்டிக்கோடு வினைபுரியச் செய்யும் முறையும், தொலுயீனைப் பென்சாயிக் அமிலமாக்கி அதன் வழியே செல்லும் முறையும் வந்தன. பாடநூல்களில் இவை அனைத்தும் அருகருகே இருப்பதால், கருவிகள் எளிமையாகத் தோன்றும் சல்ஃபோனேஷன் முறையைச் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அம்முறையில் பீனாலோடு சேர்ந்து பெரும் எடையில் சோடியம் சல்ஃபைட்டும் சோடியம் சல்ஃபேட்டும் வெளிவரும். அந்த உப்பை வாங்க ஆள் இல்லையென்றால் காஸ்டிக் சோடாவுக்குக் கொடுத்த பணம் முழுவதும் கழிவு மேட்டில்தான் கிடக்கும். உலகப் பீனால் உற்பத்தியில் மிகப் பெரும் பங்கு இன்று கியூமீன் வழியாகவே நடக்கிறது. 1940களில் ஜெர்மனியில் ஹாக், லாங் ஆகியோரும் சோவியத் நாட்டில் வேறொரு குழுவும் தனித்தனியே கண்ட வழி அது. இனி அதைப் பற்றியே பேசலாம்.

அந்த வழியில் பென்சீனும் புரோப்பிலீனும் சேர்ந்து கியூமீன் ஆகிறது. கியூமீன் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கியூமீன் ஹைட்ரோபெராக்சைடு ஆகிறது. அது சிறிதளவு கந்தக அமிலத்தின் முன்னிலையில் உடைந்து பீனாலாகவும் அசிட்டோனாகவும் பிரிகிறது. ஒரு மூலக்கூறு பீனாலுக்கு ஒரு மூலக்கூறு அசிட்டோன் என்பதால், எடைக் கணக்கில் ஒவ்வொரு டன் பீனாலோடும் சுமார் 0.62 டன் அசிட்டோன் வந்தே தீரும். கொச்சி அம்பலமுகளில் உள்ள இந்துஸ்தான் ஆர்கானிக் கெமிக்கல்ஸ் ஆலையின் திறன் ஆண்டுக்கு 40,000 டன் பீனால், 24,640 டன் அசிட்டோன் என்று இருப்பதும், 2018இல் குஜராத்தின் தஹேஜில் உற்பத்தி தொடங்கிய தீபக் பீனாலிக்ஸ் ஆலை 2,00,000 டன் பீனாலுக்கு 1,20,000 டன் அசிட்டோன் என்ற திறனோடு அமைந்ததும் இதே விகிதத்தால்தான். அசிட்டோன் வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஆலைக்கு இல்லை.

அசிட்டோனைக் கணக்கில் சேர்ப்பவர்கள்கூட அதன் விலை பீனால் விலையோடு சேர்ந்தே ஏறி இறங்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது முதல் தவறைவிட நுட்பமானது. பீனாலின் மிகப் பெரிய பயன்களில் ஒன்று, பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான பிஸ்பீனால்-ஏ தயாரிப்பு. அதில் 2 மூலக்கூறு பீனாலுக்கு 1 மூலக்கூறு அசிட்டோன்தான் செலவாகிறது. ஆலையிலோ இரண்டும் சம எண்ணிக்கையில் வெளிவருகின்றன. ஆகவே பிஸ்பீனால்-ஏ சந்தை சூடுபிடித்துப் பீனாலுக்குத் தேவை கூடும்போது, கூடவே உற்பத்தியாகும் அசிட்டோனில் பாதி வேறு பயனைத் தேடி நிற்கிறது. பீனால் விலை நன்றாக இருக்கும் காலத்திலேயே அசிட்டோன் விலை சரியக்கூடும். கரைப்பானாக அசிட்டோனை வாங்கும் மருந்து ஆலைகள் கடலூரிலும் புதுச்சேரியிலும் உண்டு; அதனால் உள்ளூரிலேயே விற்றுவிடலாம் என்று ஓர் அறிக்கையில் படித்தேன். அந்த ஆலைகள் பயன்படுத்திய கரைப்பானை மீட்டெடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுகின்றன. புதிதாக வாங்குவது இழப்பை ஈடுகட்டும் அளவுக்கே. அசிட்டோன் விலை பாதியாகக் குறைந்தாலும் ஆலை தாங்குமா என்று தனியே ஒரு கணக்குப் போடாத அறிக்கையை முழுமையானது என்று நான் ஏற்பதில்லை.

அடுத்து விளைச்சல், அதாவது உள்ளே போகும் கியூமீனில் எத்தனை பங்கு பீனாலாகக் கைக்கு வருகிறது என்பது. கோட்பாட்டின்படி 1 டன் பீனாலுக்கு 1.277 டன் கியூமீன் போதும். ஒட்டுமொத்த விளைச்சல் 97 சதவீதம் என்றால் 1.317 டன் தேவை. 95 சதவீதம் என்றால் 1.344 டன். வேறுபாடு வெறும் 27 கிலோதானே என்று தோன்றும். 2,00,000 டன் ஆலையில் அது ஆண்டுக்கு 5,000 டன்னுக்கு மேற்பட்ட கியூமீன். கெட்டிக்காரத்தனமாக வடிவமைத்த ஆலைக்கும் சாதாரண ஆலைக்கும் இடையிலுள்ள இலாப வேறுபாடு பெரும்பாலும் இந்த இரண்டு சதவீதத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது.

அந்த இரண்டு சதவீதம் எங்கே போகிறது என்பதை அறிய ஆக்சிஜனேற்றக் கோபுரத்துக்குள் பார்க்க வேண்டும். 90 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில், திரவக் கியூமீனுக்குள் அடியிலிருந்து காற்று குமிழ்குமிழாக மணிக்கணக்கில் ஏறுகிறது. கியூமீன் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் மாற்றிவிடலாம் என்று மாணவர்கள் 90 சதவீத மாற்றத்தை எழுதுகிறார்கள். நடைமுறையில் ஹைட்ரோபெராக்சைடு 20 முதல் 30 சதவீதத்தை எட்டியதும் நிறுத்திவிடுவார்கள்; அதற்கு மேல் போனால் டைமெத்தில் பென்சைல் ஆல்கஹால், அசிட்டோபீனோன் என்ற வேண்டாத பக்கப்பொருள்கள் பெருகி விளைச்சலைத் தின்னும், ஆபத்தும் கூடும். அப்படியானால் உள்ளே சென்ற கியூமீனில் ஏறத்தாழ முக்கால் பங்கு மாறாமல் வெளிவந்து, வெற்றிடத்தில் வடிக்கப்பட்டு, மறுபடியும் கோபுரத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சுழற்சிக்கு வேண்டிய நீராவியையும் குளிர்நீரையும் பம்புகளின் மின்சாரத்தையும் கணக்கில் காணாத அறிக்கைகளே அதிகம்.

இந்தச் சுழற்சியில் இன்னொரு நுட்பம் இருக்கிறது; படிக்கும்போது எனக்கே வியப்பாக இருந்தது. ஆலையின் குறிக்கோளான பீனால்தான் ஆக்சிஜனேற்றத்தின் முதல் பகை. அது வினையைத் தொடரவிடாமல் தடுக்கும் பொருள். திரும்பிவரும் கியூமீனில் மிகச் சிறிதளவு கலந்திருந்தாலும் கோபுரம் மந்தமாகிவிடும். கோபுரத்துக்குள்ளேயே ஃபார்மிக் அமிலம் போன்றவை சிறிது உருவாகி ஹைட்ரோபெராக்சைடை அங்கேயே உடைத்துப் பீனாலை விளைவித்துவிடும். அதனால்தான் திரும்பும் கியூமீனைக் காஸ்டிக் கரைசலால் கழுவுகிறார்கள். பல ஆலைகளில் கோபுரத்துக்குள் சோடாக் கரைசலும் செல்கிறது. உடைப்புக் கட்டத்தில் உண்டாகும் ஆல்ஃபா மெத்தில் ஸ்டைரீனும் இதே போன்ற தடையே. அதை ஹைட்ரஜன் ஏற்றிக் கியூமீனாக மாற்றித் திருப்பி அனுப்புவார்கள். கழுவும் கோபுரம் சிறிய செலவு என்று அதை வரைபடத்திலிருந்து நீக்கிய ஒரு மாணவரிடம், மூன்றாம் நாள் உங்கள் ஆலை ஏன் நின்றது என்று கேட்டேன். அவர் திரும்பிப்போய் அந்தக் கோபுரத்தைச் சரியாகவே வரைந்து வந்தார்.

உடைப்புக் கட்டத்தை நான் அச்சத்தோடுதான் விளக்குவேன். 1 கிலோ கியூமீன் ஹைட்ரோபெராக்சைடு பீனாலாகவும் அசிட்டோனாகவும் உடையும்போது சுமார் 1,600 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. 30 டிகிரியில் உள்ள 5 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுசெல்ல அது போதும். ஆய்வகக் குடுவையில் செய்வதுபோல ஒரு கலம் நிறையப் பெராக்சைடை நிரப்பி அதில் அமிலத்தை விடும் முறையை ஆலைக்கு எழுதுவது உயிரோடு விளையாடுவது. ஏற்கெனவே உடைந்து முடிந்த கலவை பெருமளவில் சுழன்றுகொண்டிருக்க, அதற்குள் பெராக்சைடு சிறிது சிறிதாகச் சென்று உடனுக்குடன் தீர்ந்துவிட வேண்டும். வெப்பத்தை அசிட்டோனின் ஆவியோ குளிர்விப்பானோ எடுத்துச் செல்ல வேண்டும். செறிவூட்டப்பட்ட பெராக்சைடு நிற்கும் கலத்தில் அமிலத் துளியும் துருவும் சேராமல் காப்பது அதைவிடக் கடினம்.

இங்கே கடலூருக்கே உரிய ஒரு கணக்கு இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2015 வெள்ளத்தில் சாலைகள் துண்டிக்கப்பட்டன. பெராக்சைடு கலத்துக்கான அவசரக் குளிர்விப்பையும் டீசல் இருப்பையும் எட்டு மணி நேரத்துக்கு என்று ஏதோ ஒரு கையேட்டிலிருந்து எடுத்து எழுதுவது இந்த ஊருக்குப் பொருந்தாது. டீசல் லாரி வர முடியாத நாள்களையும் எண்ணியே திட்டமிட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் பெராக்சைடு இருப்பை உடைத்துத் தீர்த்துவிட்டு ஆலையை நிறுத்த எத்தனை மணி நேரம் தேவை என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தொட்டிகளைச் சுற்றிய தடுப்புச் சுவருக்குள் தேங்கும் மழைநீரும் பீனால் கலந்த கழிவுநீரே.

கழிவுநீருக்கு 'விற்பனையில் 2 சதவீதம்' என்று ஒரே வரியில் ஒதுக்குவது எனக்கு மனவருத்தம் தரும் தவறு. சிப்காட்டின் ஒரு பக்கம் உப்பனாறு ஓடுகிறது. குடிகாடும் சுற்றியுள்ள ஊர்களும் பல ஆண்டுகளாக நீர் மாசைப் பற்றிப் பேசிவருகின்றன. இந்திய விதிகளின்படி உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் பீனால் சேர்மங்கள் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குடிநீருக்கான அளவு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.001 மில்லிகிராம். அதாவது 1 கிலோ பீனால் 100 கோடி லிட்டர் குடிநீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். குளோரின் கலந்த நீரில் அது குளோரோபீனாலாகி, மிகச் சிறிய அளவிலேயே நாவில் மருந்து வாடையைத் தரும். ஆலையிலிருந்து வரும் நீரில் பீனால் சதவீதக் கணக்கில் இருக்கக்கூடும். அதை நேரே நுண்ணுயிர்த் தொட்டிக்கு அனுப்பினால் நுண்ணுயிர்கள் இறந்துவிடும். முதலில் கரைப்பானால் பிரித்தெடுத்துப் பீனாலை மீட்க வேண்டும்; மீதியைத்தான் நுண்ணுயிர்களிடம் விட வேண்டும். மீட்கும் பீனாலுக்கு விலை உண்டு என்பதால் அந்தப் பிரிப்புக் கோபுரத்தின் செலவில் ஒரு பகுதி திரும்பிவரும். அந்த வரவை எழுதாததால்தான் அது வெறும் சுமையாகத் தோன்றுகிறது.

அடுத்தது ஆலையின் அளவு. வேதித் தொழிலில் முதலீடு கொள்ளளவின் 0.6 அடுக்கில் வளரும் என்பது நெடுங்காலக் கைக்கணக்கு. அதன்படி பத்தில் ஒரு பங்கு ஆலைக்கு முதலீடு பத்தில் ஒரு பங்காகக் குறையாது. நான்கில் ஒரு பங்காகவே குறையும். ஒரு டன்னுக்கான முதலீட்டுச் சுமை இரண்டரை மடங்காகிவிடும். பென்சீனும் புரோப்பிலீனும் சுத்திகரிப்பு ஆலைக்கு அருகில் குழாய் வழியே கிடைப்பதற்கும், டேங்கரில் கடலூர் வரை வருவதற்கும் உள்ள வேறுபாடு அதற்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். கடலூரில் சிறு முதலீட்டோடு வருபவரிடம், கியூமீன் ஆலையை மறந்துவிட்டுப் பீனாலை வாங்கிப் பிசின் தயாரிப்பதைப் பாருங்கள் என்றே சொல்வேன்.

வாங்குபவருக்கும் தனித் தவறுகள் உண்டு. தூய பீனால் 41 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கத்திரி வெயிலில்கூட நம் ஊரில் நிழல் வெப்பம் அந்த எண்ணைத் தொடும் நாள்கள் சிலவே. மார்கழியிலோ டிரம்முக்குள் இருப்பது வெள்ளைக் கட்டி. தஹேஜிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் வரும் டேங்கருக்கு வெப்பக்காப்பு உறை வேண்டும். இங்கே தொட்டிக்கும் குழாய்க்கும் வால்வுக்கும் வெந்நீர் அல்லது நீராவி உறை வேண்டும். உருக்கும் சூட்டையும் பாய்லர் எரிபொருளையும் கொள்முதல் விலையோடு சேர்க்காவிட்டால் பிசினின் அடக்கவிலை தவறும். 10 சதவீதம் நீர் கலந்த பீனால் சாதாரண வெப்பத்தில் திரவமாகவே இருக்கும் என்பதால் அதை விரும்புவோர் உண்டு. ஆனால் அந்த நீருக்கும் லாரி வாடகை கொடுக்கிறோம், பின்பு அதை ஆவியாக்கவும் செலவழிக்கிறோம். சாதாரண இரும்புத் தொட்டியில் நாளடைவில் பீனால் செந்நிறமேறும். சூடான பீனால் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். துருப்பிடிக்காத எஃகின் விலையைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

ஒரு சிறு பிசின் ஆலையில் நான் நேரில் கண்டது இது. குழாயில் ஓரிடத்தில் உறை பழுதாகிப் பீனால் கட்டியாகியிருந்தது. அடைப்பை எடுக்க ஒரு தொழிலாளி குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சின் போல்ட்டுகளைத் தளர்த்தினார். கட்டிக்குப் பின்னால் அழுத்தத்தோடு சூடான திரவம் நின்றிருந்தது. மணிக்கட்டில் ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெறித்தது. அவர் அலறவில்லை, தோல் வெளுத்து, சுருங்கி, மரத்துப்போயிருந்தது. வலி இல்லையே என்று துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடரப் பார்த்தார். பீனால் தோலை மரத்துப்போகச் செய்தபடியே உடலுக்குள் இறங்கும். பரப்பு பெரிதானால் உயிருக்கே ஆபத்து. நனைந்த உடையை உடனே களைந்துவிட்டு, பாலிஎத்திலீன் கிளைகால் 300 அல்லது 400 தோய்த்த துணியால் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். அது கைக்கு எட்டாவிட்டால் நீர்த்தாரையின் கீழே நிற்க வேண்டும். சிறிதளவு நீரால் நனைப்பது பீனாலைப் பரப்பி உட்புகச் செய்யும். பிறகு தாமதமின்றி மருத்துவமனை. அன்று அந்த ஆலையில் நீர்த்தாரை இருந்தது, கிளைகால் இல்லை. அவர் ஒரு வாரத்தில் தேறிவிட்டார். இப்போது திட்ட அறிக்கையின் கருவிப் பட்டியலைத் திருத்தும்போது, பீனால் பம்புக்கு அடுத்த வரியில் அந்தக் கிளைகால் கேனையும் அதை வைக்கும் இடத்தையும் எழுதச் சொல்கிறேன்.