பழைய கணினிக்கு வீடியோ எடிட்டர் தேடும்போது நடக்கும் தவறுகள்

டவுன்லோடு கோப்பு சிறியதாக இருந்தால் மென்பொருளும் லேசாகத்தான் இருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. ஹார்டு டிஸ்கில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதற்கு மேல் அந்த அளவு எதையும் சொல்வதில்லை. எடிட் செய்யும்போது கணினி திணறுவதற்குக் காரணம் வேறு. வீடியோத் துண்டுகளை வரிசையாக அடுக்கியிருக்கும் டைம்லைனில் ஓர் இடத்தைத் தொட்டதும், அங்கே சுருக்கி வைத்திருக்கும் படத்தை அந்தக் கணமே விரித்துக் காட்ட வேண்டும். அந்த வேலையின் சுமை பெரும்பாலும் வீடியோவைப் பொறுத்தது. எந்த எடிட்டரைப் போட்டாலும் அதைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

4 ஜிபி ராம் உள்ள ஒரு மடிக்கணினியில் நானும் ஒன்று மாற்றி ஒன்றாக எடிட்டர்களை நிறுவிப் பார்த்திருக்கிறேன். எல்லாமே ஒரே மாதிரி நின்றன. சிக்கல் ஃபோனில் எடுத்த வீடியோவில்தான் இருந்தது என்பது தாமதமாகத்தான் புரிந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃபோன் வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும். அதுதான் கீஃபிரேம். நடுவில் இருப்பவை எல்லாம் முன்பின் படங்களோடு ஒப்பிட்டு என்ன மாறியது என்ற குறிப்புகள் மட்டுமே. முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தால் இதில் தொல்லை இல்லை. எடிட்டிங்கில் நாம் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு தாவலுக்கும் மென்பொருள் முந்தைய கீஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து வரிசையாக விரித்துக்கொண்டு வர வேண்டும். பிளேயரில் வழுக்கிக்கொண்டு ஓடும் அதே வீடியோ எடிட்டரில் விக்கி விக்கி நிற்பது இதனால்தான்.

இதோடு கோடெக்கும், அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறையும், சேர்ந்துகொள்கிறது. 2003இல் வந்த எச்.264ஐப் பழைய கணினிகள் ஓரளவு சமாளிக்கும். 2013இல் வந்த எச்.265 அதே தரத்தை இன்னும் சிறிய கோப்பில் அடக்குகிறது; ஆனால் அதை விரிக்க மிக அதிகக் கணக்கு போட வேண்டும். இன்டெல் பிராசசர்களில் இதற்கென்று தனி வன்பொருள் முழுமையாக வந்தது 2015இல், 6ஆம் தலைமுறையில். அதற்கு முந்தைய கணினி என்றால் சுமை பிராசசரின் தலையில்தான் விழும். புதிய ஃபோன்கள் பலவும் எச்.265இல் பதிவு செய்கின்றன. ஃபோனின் கேமரா அமைப்புகளுக்குப் போய் எச்.264க்கு மாற்றிவிடுங்கள். ஐஃபோனில் 'மிகவும் இணக்கமானது' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதுதான் இது. அப்படியே 4கே தெளிவுத்திறனையும் விடுங்கள். 4கே ஃபிரேம் ஒன்றில் சுமார் 83 லட்சம் புள்ளிகள், 1080பியில் சுமார் 21 லட்சம். வேலை நான்கு மடங்கு. கடைசியில் 1080பியில்தான் வெளியிடப் போகிறீர்கள் என்றால், பழைய கணினியை எதற்கு இப்படி வதைக்க வேண்டும்?

சரி, மென்பொருளுக்கு வருவோம். என்ன வேலை என்று முடிவு செய்யாமல் தேடுவது இன்னொரு பெரிய தவறு. முன்னும் பின்னும் வெட்டி, இரண்டு துண்டுகளை ஒட்டினால் போதும் என்பவருக்கு முழு எடிட்டரே தேவையில்லை. லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் இரண்டும் இலவசம். லாஸ்லெஸ்கட்டும், 'காப்பி' முறையில் வைத்தால் அவிடெமக்ஸும் வீடியோவை மறுபடி என்கோடு செய்யாமல், அதாவது புதிதாகச் சுருக்காமல், அப்படியே நகலெடுக்கும். தரம் குறையாது, ஒரு மணி நேர வீடியோவைக்கூடப் பழைய கணினி சட்டென்று வெட்டித் தந்துவிடும். ஒரு கட்டுப்பாடு உண்டு. வெட்டு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும், அதனால் நினைத்த இடத்திலிருந்து சற்று விலகலாம். ஒட்டும் துண்டுகளும் ஒரே கோடெக், ஒரே அளவில் இருக்க வேண்டும்.

தலைப்பு, இசை, பல அடுக்குகள் எல்லாம் வேண்டும் என்றால் ஷாட்கட், கேடிஎன்லைவ் போன்றவற்றுக்குப் போகலாம். இங்கேதான் பலர் ஒரு நாள் பார்த்துவிட்டு 'ஸ்லோவாக இருக்கிறது' என்று அழித்துவிடுகிறார்கள். அழிப்பதற்கு முன் பிராக்ஸியை இயக்கிப் பார்த்தீர்களா? பிராக்ஸி என்பது உங்கள் வீடியோவின் சிறிய, எளிதில் விரியக்கூடிய நகல். எடிட் செய்யும்போது அந்த நகல் ஓடும். முடிந்த வீடியோவைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் அசல் கோப்பையே எடுத்துக்கொள்ளும். தரம் போய்விடுமோ என்று பயப்படவே வேண்டாம். நகலை உருவாக்க முதலில் கொஞ்சம் நேரமும் டிஸ்கில் இடமும் ஆகும், அவ்வளவுதான். ஷாட்கட்டில் முன்னோட்டத்தை மட்டும் 360பி, 540பி என்று குறைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. பழைய கணினிக்கான எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது பிராக்ஸி உண்டா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இலவசம் என்பதற்காக டாவின்சி ரிசால்வை நிறுவுவது வீண் முயற்சி. அருமையான மென்பொருள்தான், ஆனால் 16 ஜிபி ராமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும்.

பழைய கணினிக்குப் பழைய மென்பொருளே சரி என்று விண்டோஸ் மூவி மேக்கரைத் தேடிப் போவதும் ஆபத்து. மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் அதே பெயரில், பணம் கேட்கும் மாற்றியமைக்கப்பட்ட நகல்கள் உலவின. கிராக் செய்த பதிப்புகளும் இப்படித்தான். பின்னணியில் ஓடும் தீநிரல் ஒன்று போதும், இருக்கும் கொஞ்ச வேகமும் போய்விடும். எதுவானாலும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள்.

ராம் குறைவாக இருக்கும்போது பிரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டு எடிட் செய்யாதீர்கள். பிரவுசருக்குள்ளேயே ஓடும் எடிட்டர்களும் உங்கள் ராமைத்தான் பயன்படுத்துகின்றன. 'ஒன்றும் நிறுவ வேண்டாம்' என்பதால் மட்டும் அவை லேசாகிவிடாது.

இன்னொரு தவறு, மென்பொருளோடு வரும் மாதிரிக் காட்சியை வைத்துச் சோதித்துவிட்டு முடிவெடுப்பது. உங்கள் ஃபோனில் எடுத்த, யாராவது கேமராவைப் பார்த்துப் பேசும் நீளமான வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து இடத்தில் வெட்டுங்கள், ஒரு தலைப்பு போடுங்கள், எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சில இலவசப் பதிப்புகள் வாட்டர்மார்க் போடுவது அப்போதுதான் தெரியவரும். பிறகு அந்தக் கோப்பின் கடைசி நிமிடத்தைப் பாருங்கள். உதடு அசைவதற்கும் குரலுக்கும் இடைவெளி விழுந்திருந்தால், ஃபோன் சீரற்ற ஃபிரேம் வேகத்தில், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது மாறிக்கொண்டே இருக்கும்படி, பதிவு செய்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'மாறாத ஃபிரேம் வேகம்' என்ற தேர்வோடு ஒருமுறை மாற்றிவிட்டு, அந்தக் கோப்பை எடிட்டருக்குள் கொண்டுவாருங்கள்.