பைத்தான் சாக்கெட்டில் நேர வரம்பு: லினக்ஸ், மேக்ஓஎஸ், விண்டோஸ் மூன்றிலும் ஒரே நடத்தையைப் பெறும் முறை

பைத்தான் நிரல்மொழியில் உருவாகும் சாக்கெட்டுக்கு (வலையமைப்பு வழியே தரவு பரிமாறும் இணைப்பு முனைக்கு) இயல்பாக எந்த நேர வரம்பும் கிடையாது. எதிர்முனை பதிலளிக்காதபோது இணைப்பு முயற்சியை எப்போது கைவிடுவது என்பதை இயங்குதளமே முடிவு செய்கிறது: லினக்ஸ் இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேலும், மேக்ஓஎஸ் சுமார் 75 விநாடிகளும், விண்டோஸ் சுமார் 21 விநாடிகளும் காத்திருக்கும். இணைப்பு கிடைத்தபின் தரவுக்காகக் காத்திருக்கும்போதோ மூன்றிலும் வரம்பே இல்லை. எனவே வரம்பை நிரலே விதிக்க வேண்டும்.

அதற்கு செட்டைம்அவுட் முறையைப் பயன்படுத்துங்கள். விநாடிக் கணக்கைக் கொடுத்ததும் பைத்தான் அந்தச் சாக்கெட்டை நான்-பிளாக்கிங் நிலைக்கு (அழைப்பு காத்திராமல் உடனே திரும்பும் நிலைக்கு) மாற்றி, காத்திருக்கும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வதால், இயங்குதள வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். இயங்குதளத்தின் சாக்கெட் அமைப்புகளை மாற்றும் செட்சாக்ஆப்ட் வழியாகப் பெறுதல் வரம்பை நேரடியாக அமைப்பதைத் தவிர்ப்பது நல்லது. விண்டோஸ் அதை மில்லிவிநாடி எண்ணாகவும், லினக்ஸ் விநாடியும் மைக்ரோவிநாடியும் சேர்ந்த கட்டமைப்பாகவும் எதிர்பார்க்கின்றன.

பலரும் கவனிக்கத் தவறுவது, தரவைப் பெறும் ரிசீவ் அழைப்பு ஒவ்வொன்றுக்கும் வரம்பு புதிதாகத் தொடங்குகிறது என்பதைத்தான். பத்து விநாடி வரம்பு வைத்திருந்தாலும், ஒன்பது விநாடிக்கு ஒரு பைட் அனுப்பும் சர்வர் உங்கள் நிரலை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருக்க முடியும். ஆகவே பின்னோக்கிச் செல்லாத மோனோடோனிக் கடிகாரத்தின் தற்போதைய மதிப்போடு மொத்த அவகாசத்தைக் கூட்டி ஒரு கெடுவைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு ரிசீவுக்கு முன்னும் எஞ்சிய நேரத்தைக் கணக்கிட்டு அதையே வரம்பாக அமையுங்கள். எஞ்சிய நேரம் பூச்சியமோ அதற்குக் கீழோ ஆகிவிட்டால் அழைக்காமலே நிறுத்திவிடுங்கள். சாதாரணக் கணினிக் கடிகாரம் இடையில் திருத்தப்படலாம் என்பதால் அது இதற்கு உதவாது.

இணைப்பை ஏற்படுத்தும் கிரியேட்_கனெக்‌ஷனுக்குத் தரும் வரம்பும் முழுமையானதன்று. ஒரு பெயருக்குப் பல முகவரிகள் கிடைத்தால் ஒவ்வொன்றுக்கும் அது தனித்தனியே பொருந்தும். பெயரிலிருந்து முகவரியைக் கண்டறியும் டிஎன்எஸ் தேடலுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

பிழையைப் பிடிக்க, பைத்தான் 3.10 முதல் டைம்அவுட்எரர் ஒன்றே போதும். பழைய பதிப்புகளில் சாக்கெட் தொகுதியின் டைம்அவுட் பிழையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இயங்குதளம் எழுப்பிய பிழையில் அதன் வகையைக் குறிக்கும் எர்நோ எண் இருக்கும்: லினக்ஸில் 110, மேக்ஓஎஸ்ஸில் 60, விண்டோஸில் 10060. செட்டைம்அவுட்டினால் எழுந்ததில் எண் இராது.

தரவு முழுவதையும் அனுப்பும் சென்ட்ஆல் மட்டும், 3.5 பதிப்பு முதல், வரம்பை மொத்த நேரமாகவே கொள்கிறது. ஆனால் அது பாதியில் நின்றால் எவ்வளவு தரவு சென்றது என்பதை அறிய வழியில்லை. அந்தச் சாக்கெட்டை மூடிவிட்டுப் புதிய இணைப்பில்தான் மீண்டும் முயல வேண்டும்.